புகழ் அறியாத் துறவு

தானம் செய்தவனை உலகம் அறியும். பொன் கொடுத்தவன் பெயர் கல்லில் இருக்கும். நிலம் கொடுத்தவன் பெயர் செப்பேட்டில் இருக்கும். தனக்கு முறைப்படி உரியதொன்றை மற்றொருவருக்கு விட்டுவிட்டு, விட்டதே பிறர் கண்ணுக்குப் புலப்படாதவாறு அகன்று போனவனுக்கோ கல்லும் இல்லை, செப்பேடும் இல்லை. அத்தகைய துறவே அறங்களுள் தலையாயது என்று சீன நாட்டுப் பேரறிஞர் கன்பூசியஸ் கருதினார். அவ்வாறு அவர் போற்றிய மனிதன், அரசுக்கு உரிய மூத்த மகனாகப் பிறந்தும் தந்தையின் அரியணையில் ஒருநாளும் அமராத தைபோ என்னும் இளவரசன்.

இவன் வரலாற்றைக் கேட்கும்போதே ஓர் ஐயமும் உடன் எழுகிறது. அரசு என்பது உரிமை மட்டுமன்று. அது ஒரு சுமையும் ஆகும். குடிகளைக் காப்பதும், பகைவரைத் தடுப்பதும், முன்னோர்க்குரிய கடன்களைச் செய்வதும் அச்சுமையைச் சேர்ந்தவை. உரிமையை விடுவது தியாகம் என்றால், அதனோடு பிணைந்த சுமையையும் விடுவது கடமை தவறுதல் ஆகாதா? துறப்பதற்கும் தப்பித்துக் கொள்வதற்கும் இடையே உள்ள எல்லை யாது? ஒரே அரச குலத்தில், பல தலைமுறை இடைவெளியில் தோன்றிய இரண்டு இளவரசர்களின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தேடத் துணை செய்யும்.

தந்தை காட்டிய வழி

தைபோவின் தந்தை தான்ஃபு என்பவன், சீனத்தின் வடமேற்குப் பகுதியில் வாழ்ந்த சௌ குடியின் தலைவன். அக்காலத்தில் ஷாங் வம்சத்தார் பேரரசர்களாக விளங்கினர். சௌ குடியோ எல்லையோரத்தில் உழுது வாழ்ந்த ஒரு சிறு கூட்டம். வடபுலத்து நாடோடிகள் அவர்களை அடிக்கடி தாக்கினர். தான்ஃபு அவர்களுக்குத் தோலாடையும் பட்டும் கொடுத்துப் பார்த்தான். குதிரைகளைக் கொடுத்துப் பார்த்தான். முத்தும் பச்சைக்கல்லும் கொடுத்துப் பார்த்தான். தொல்லை நீங்கவில்லை. முடிவில் ஊர் முதியோரை அழைத்து, பகைவர் விரும்புவது தன் நிலத்தையே என்றும், மனிதரை வாழ்விப்பதற்காக உள்ள நிலத்தின் பொருட்டு மனிதரையே மடியச் செய்வது தனக்கு உடன்பாடில்லை என்றும் கூறிவிட்டு, நாட்டை நீங்கினான். மலை கடந்து, இன்றைய ஷான்சி மாநிலத்தில் உள்ள சிஷான் மலையடிவாரத்தை அடைந்து அங்கே தங்கினான். விட்டு வந்த தலைவனைத் தேடி மக்கள் கூட்டம் கூட்டமாகப் பின்தொடர்ந்தனர். இவ்வரலாற்றை கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மென்சியஸ் தம் காலத்துச் சிற்றரசன் ஒருவனுக்கு எடுத்துரைத்தார்.

நிலத்தினும் மனிதர் பெரியர் என்று கண்ட தந்தையின் வீட்டில்தான் தைபோ வளர்ந்தான். துறவு அவனுக்கு ஏட்டில் கற்ற பாடமன்று. கண்ணெதிரே நடந்த செயல்.

பேசப்படாத சொல்

தான்ஃபுவுக்குப் புதல்வர் மூவர். மூத்தவன் தைபோ, இரண்டாமவன் ஜோங்யோங், இளையவன் ஜீலி. ஜீலிக்குச் சாங் என்றொரு மகன் பிறந்தான். அப்பேரனிடத்தில் பாட்டனார் அரிய குணங்களைக் கண்டார். இக்குலம் ஓங்குமாயின் அது சாங்கினால்தான் ஓங்கும் என்ற கருத்துப்பட ஒருகால் அவர் பேசியதாக வரலாறு கூறுகிறது. அவ்வளவே. மூத்தவனை விலக்குவதாக அவர் சொல்லவில்லை. இளையவனுக்குப் பட்டம் என்று அறிவிக்கவும் இல்லை.

ஆயினும் தைபோ அச்சொல்லின் உள்ளுறையை உணர்ந்தான். சாங் அரசனாக வேண்டுமாயின் அவன் தந்தை ஜீலி முதலில் அரசனாக வேண்டும். ஜீலி அரசனாக வேண்டுமாயின் மூத்தவர் இருவரும் வழிவிட வேண்டும். முறையைக் காத்தால் தந்தையின் உள்ளம் வாடும். உள்ளத்தின் விருப்பை நிறைவேற்றினால் தந்தையே முறை தவறியவர் ஆவார். இவ்விரண்டுக்கும் இடையே முதிய வயதில் அவரை நிறுத்துவதற்கு மகனுக்கு மனம் இல்லை. எனவே தம்பி ஜோங்யோங்கையும் உடன் அழைத்துக் கொண்டு, தெற்கே யாங்சி நதி பாயும் நாட்டை நோக்கிப் புறப்பட்டான். நோயுற்ற தந்தைக்கு மூலிகை தேடச் செல்வதாகக் கூறிச் சென்றான் என்பது ஒரு மரபு.

அயோத்தியின் கதையை அறிந்தவர்கள் ஈண்டு ஒன்றைக் கவனிக்கலாம். அங்கே தந்தையின் வாக்கைக் காப்பதற்காக மூத்த மகன் வனம் புகுந்தான். அவ்வாக்கைச் சொல்ல நேர்ந்த தந்தையோ உயிர் துறந்தான். சீன நாட்டு இளவரசன் தந்தைக்கு அந்தச் சொல்லைச் சொல்லும் துன்பமே நேராதபடி, சொல்லுக்கு முன்பாகவே எழுந்து சென்றான்.

முடியும் உடலும்

தென்னாட்டை அடைந்த உடன்பிறந்தார் இருவரும் தலைமயிரைக் குறைத்துக் கொண்டனர். உடலில் பச்சை குத்திக் கொண்டனர். அது அந்நாட்டு மக்களின் வழக்கம். வடபுலத்துச் சீனர்க்கோ அது பெருங்கேடு. உடலும் முடியும் தோலும் பெற்றோர் அளித்தவை, அவற்றைச் சிதையாமல் காப்பதே பிள்ளைகளின் முதற்கடன் என்று பிற்காலத்துச் சீன அறநூல் விதித்தது. பச்சை குத்திய உடலோடு ஒருவன் முன்னோர் திருக்கோயிலில் நின்று வேள்விக்கடன் ஆற்ற இயலாது. அரசனாகவும் இயலாது.

தைபோ விரும்பியதும் அதுவே. சென்றவன் திரும்பி வரக்கூடும் என்ற எண்ணம் இருக்கும்வரை இளையவன் அரியணையில் நிம்மதியாக அமர முடியாது. குடிகளும் இரு கட்சியாகப் பிரியக்கூடும். திரும்பும் வழியைத் தன் உடலிலேயே அவன் அடைத்துவிட்டான். பெற்றோர் தந்த உடலைச் சிதைத்தது பிள்ளைமை தவறியதன்றோ என்று கேட்டால், உடலைக் காத்துத் தந்தையின் உள்ளத்தைச் சிதைப்பதினும் உடலில் வடுவேற்று அவ்வுள்ளத்தைக் காப்பது மேல் என்பதே விடையாகும். அறத்தின் சொல்லும் அறத்தின் பொருளும் வேறுபடும் இடத்தில் அவன் பொருளைப் பற்றிக் கொண்டான்.

கன்பூசியஸின் உரையாடல்களைத் தொகுத்த நூலின் எட்டாம் பகுதி தைபோவின் பெயரோடு தொடங்குகிறது. அவனுடைய அறம் உச்ச நிலையை எய்தியது என்றும், உலகையே மும்முறை விட்டுக்கொடுத்தும் அவனைப் புகழ்வதற்கு மக்களுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை என்றும் அங்கே பேசப்படுகிறது. மும்முறை எவை என்பதற்கு, கி.பி. 2ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ஜெங் சுவான் விளக்கம் தந்தார். தந்தை இறந்தபோது ஈமக்கடனுக்குத் திரும்பாமையால் இளையவனே தலைமை தாங்கியது ஒன்று. இளையவன் ஆள் அனுப்பி அழைத்தும் வாராமை இரண்டு. துக்க காலம் கழிந்தபின் முடி குறைத்துப் பச்சை குத்திக் கொண்டது மூன்று. இவற்றுள் முதலிரண்டும் பார்ப்பவர்க்குப் பிழையாகத் தோன்றும். தந்தையின் ஈமத்துக்கு வாராத மகனை எவர் புகழ்வர்? தியாகம் பழியின் வேடம் பூண்டு நின்றது. புகழுக்கு இடமில்லை என்பதன் ஆழம் இங்கே விளங்கும்.

விட்டதன் விளைவு

ஜீலி அரசேற்றான். அவன் பெற்றது மலர்ப்படுக்கையன்று. அவன் வளர்ச்சியைக் கண்டு அஞ்சிய ஷாங் பேரரசன் அவனைக் கொன்றான் என்று பழைய ஆண்டுக் குறிப்பு ஒன்று கூறுகிறது. அவனுக்குப் பின் வந்த சாங்கும் ஷாங் அரசனால் சிறை வைக்கப்பட்டான். தைபோ விட்டுச் சென்ற அரசில் தம்பிக்கு உயிர் போயிற்று; தம்பி மகனுக்குச் சிறை வாய்த்தது. விட்டுக்கொடுப்பவன் பொருளை மட்டும் கொடுப்பதில்லை. அதன் ஆபத்தையும் சேர்த்தே கொடுக்கிறான். ஆகவே, யாரிடம் விடுகிறோம் என்று அறியாமல் விடுவது அறமாகாது. தைபோவுக்குப் பின் இருந்தவர்கள் அச்சுமையைத் தாங்க வல்லவர்களாக இருந்தனர். சாங் பிற்காலத்தில் வென் அரசன் என்று போற்றப்பட்டான். அவன் மகன் வூ அரசன் கி.மு. 1046ஐ ஒட்டி ஷாங் ஆட்சியை முடித்துச் சௌ பேரரசை நிறுவினான். அவ்வம்சம் கி.மு. 256 வரை, ஏறத்தாழ 800 ஆண்டுகள் நிலவியது. தைபோ விட்டபோது சிறு குடியாக இருந்ததைக் கன்பூசியஸ் உலகம் என்று சொன்னது இதனால்தான்.

தைபோவும் சோம்பி இருக்கவில்லை. அவன் குணத்தைக் கண்டு தென்னாட்டில் ஆயிரம் குடும்பங்களுக்கு மேல் அவனைச் சார்ந்தன. தலைவனாக ஏற்றுக் கொண்டன. அதுவே வூ நாட்டின் தோற்றம். ஆட்சிப் பொறுப்பை வெறுத்து ஓடியவனாயின் இதனையும் மறுத்திருப்பான். அவன் விட்டது தன் உரிமை என்னும் பிடியை; உழைப்பை அன்று. மகப்பேறின்றி அவன் மறைந்தபின் ஜோங்யோங்கின் வழியினர் அந்நாட்டை ஆண்டனர். வூ அரசன் பேரரசனானபின் பெரிய பாட்டன்மாரின் வழித்தோன்றல்களைத் தேடி, வூ நாட்டை முறைப்படி அவர்களுக்கே உரியதாக்கினான். விட்டவன் கேளாதிருந்தும் பெற்றவர்கள் மறவாதிருந்தனர்.

சிஷான் மலையிலிருந்து இன்றைய வூசி நகரம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. அக்காலத்தில் அவ்வளவு தொலைவு சென்றிருக்க இயலுமா என்று இக்கால வரலாற்று ஆய்வாளர் சிலர் ஐயுறுவர். தென்புலத்து அரசர் தங்கள் குலத்துக்குப் பெருமை தேடிப் பிற்காலத்தில் இணைத்துக் கொண்ட தொடர்பு இது என்பாரும் உளர். அவ்வாராய்ச்சி எவ்வாறு முடியினும், ஒரு பேரரச குலம் தன் முன்னோருள் முதலிடத்தை ஆண்டவனுக்கு அளிக்காமல் விட்டவனுக்கு அளிக்க விரும்பியது என்பது சிந்திக்கத்தக்கது. கி.மு. 100ஐ ஒட்டிய காலத்தில் சீமா சியென் தம் பெருவரலாற்றை எழுதியபோது, சிற்றரச குலங்களைப் பற்றிய 30 இயல்களுள் தைபோவின் வூ குலத்தையே முதலாவதாக வைத்தார்.

மற்றோர் இளவரசன்

தைபோவிலிருந்து பத்தொன்பதாம் தலைமுறையில் ஷோமெங் என்பவன் வூ நாட்டை ஆண்டான். அவனுக்குப் புதல்வர் நால்வர். நான்காமவன் ஜீஜா, எல்லோரினும் அறிவிலும் பண்பிலும் சிறந்தவன். தந்தை அவனுக்கே முடிசூட்ட விரும்பினான், ஜீஜா மறுத்தான். கி.மு. 561இல் தந்தை இறந்தபின் மூத்தவன் ஜூஃபான் தம்பிக்கு அரசை அளிக்க முன்வந்தான். ஜீஜா வீட்டை விட்டுச் சென்று ஏர் பிடித்து உழலானான். முறைப்படி மூத்தவனுக்கு உரியதைத் தான் கொள்ளலாகாது என்பது அவன் உறுதி. அதில் மாசில்லை.

அண்ணன்மார் மனமோ அடங்கவில்லை. அரசு மகனுக்குச் செல்லாமல் உடன்பிறந்தார் வழியே ஒவ்வொருவராகக் கடந்து, முடிவில் ஜீஜாவை அடைய வேண்டும் என்று ஏற்பாடு செய்தனர். மூவரும் உண்ணும்போதெல்லாம், தம் உயிர் விரைவில் போகட்டும், தம்பிக்கு அரசு விரைவில் கிட்டட்டும் என்று வேண்டிக் கொண்டதாக ஒரு பழைய உரைமரபு கூறுகிறது. அன்பின் மிகுதியே இது. எனினும் கேட்பவர் நெஞ்சம் நடுங்குகிறது. ஒருவன் வேண்டாம் என்ற சொல்லின்மேல் மூன்று வாழ்நாள்கள் கட்டப்பட்டன.

மூவரும் ஒருவர்பின் ஒருவராக ஆண்டு மறைந்தனர். கி.மு. 527இல் மூன்றாமவன் இறந்தபோது ஜீஜாவின் முறை வந்தது. அவன் மீண்டும் மறுத்து அகன்றான். அரியணை வெறுமையாயிற்று. மூன்றாமவன் மகன் லியாவ் அதில் அமர்ந்தான். மூத்தவன் மகன் குவாங்கின் உள்ளத்தில் தீ மூண்டது. சிற்றப்பன் ஏற்றுக் கொண்டிருந்தால் தானும் பணிந்திருக்கலாம். ஏற்காதபோது உரிமை மூத்தவன் மகனுக்கே அன்றோ என்பது அவன் வாதம். கி.மு. 515இல், ஜீஜா வேற்று நாட்டுக்குத் தூது சென்றிருந்த காலத்தில், குவாங் விருந்தொன்று வைத்தான். சமைத்த மீனின் வயிற்றுள் மறைத்துக் கொணர்ந்த குறுவாளால் லியாவ் கொல்லப்பட்டான். குவாங், ஹேலூ என்னும் பெயருடன் அரசனானான்.

திரும்பி வந்த ஜீஜா, இறந்தவன் கல்லறையில் அழுதான். தான் பழிக்குப் பழி வாங்கப் புகுந்தால் உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் கொல்வது என்றைக்கும் ஓயாது என்றெண்ணி வாளை எடுக்கவில்லை. கொலையால் வந்த அரசில் பங்கு கொள்ளவும் இல்லை. தனக்குரிய யென்லிங் என்னும் ஊரில் ஒதுங்கி, தலைநகருள் பின்னர் அடி வைக்காமலே வாழ்ந்தான் என்பர். ஹேலூவின் மகன் காலத்தில், கி.மு. 473இல், அண்டை நாடான யுவே வூ நாட்டை அழித்தது.

வழக்கும் தீர்ப்பும்

ஜீஜாவைச் சீனர் பலர் மகானாகப் போற்றினர். அவன் வாய்மைக்கு ஒரு சான்று உண்டு. தூது செல்லும் வழியில் ஒரு சிற்றரசன் அவனுடைய வாளை விரும்பி நோக்கினான், வாய்விட்டுக் கேட்கவில்லை. தூது முடிந்தபின் அதனைக் கொடுக்கலாம் என்று ஜீஜா மனத்துள் எண்ணினான். திரும்பி வந்தபோது அவ்வரசன் இறந்துவிட்டான். ஜீஜா கல்லறையருகே மரத்தில் அவ்வாளைக் கட்டித் தொங்கவிட்டுச் சென்றான். சொல்லாத வாக்கையும் காத்தவன் அவன்.

எனினும் 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துகூ ஜி என்னும் எழுத்தாளர் அவன்மேல் வழக்குத் தொடுத்தார். தன் தூய்மையைக் காத்துக் கொள்வதற்காகத் தந்தையின் விருப்பையும் அண்ணன்மாரின் ஏற்பாட்டையும் தள்ளி, நாட்டைக் கொலைக்கும் அழிவுக்கும் இடமாக்கினான் என்பது அவர் குற்றச்சாட்டு. இது கடுமையான தீர்ப்புத்தான். கொன்றவன் பாவம் கொன்றவனையே சாரும். மறுத்தவனுடைய சொல்லை மதியாமல் அதன்மேல் திட்டம் கட்டியவர்களுக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் அவர் எழுப்பிய வினா பொய்யன்று. தைபோவும் துறந்தான், ஜீஜாவும் துறந்தான். ஒருவன் துறவில் நாடு தழைத்தது. மற்றவன் துறவில் இரத்தம் சிந்திற்று. இருவர் நெஞ்சிலும் ஆசை இல்லை. வேறுபாடு வேறெங்கோ உள்ளது.

தைபோ எழுந்தபோது அவன் இடத்தை நிரப்ப ஒருவன் இருந்தான். அவன் இன்னார் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஜீஜா இறுதியாக எழுந்தபோது அவ்விடம் வெற்றிடமாக நின்றது. இருவர் அதன்மேல் கண் வைத்திருந்தனர். தைபோ ஒரேயடியாக அகன்று, திரும்பும் வழியையும் அடைத்தான். ஜீஜா மறுத்தும் அருகிலேயே இருந்தான். அதனால் அண்ணன்மாரின் நம்பிக்கை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்து, தீர்க்க முடியாத கடனாயிற்று. தைபோ தந்தையின் உள்ளத்தை நோக்கித் துறந்தான். ஜீஜா முறையை நோக்கித் துறந்தான். முறை காக்கப்பட வேண்டியதே. ஆனால் முறை எவர்க்காக ஏற்பட்டதோ அவர்கள் அழியும்போது, முறையைக் காத்தவன் எதனைக் காத்தான் என்ற கேள்வி நின்றுவிடுகிறது.

அண்ணன் வனம் சென்றபின் பரதன் அரசை ஏற்கவில்லை. ஆயினும் நாட்டைக் கைவிடவும் இல்லை. நந்திகிராமத்தில் இருந்து, பாதுகைகளை முன்னிட்டு, பதினான்கு ஆண்டுகள் சுமையைச் சுமந்தான். அரியணையை ஏற்காமலே அரசின் கடமையை ஏற்க முடியும் என்பதற்கு அதுவே எடுத்துக்காட்டு. ஜீஜாவுக்கு அவ்வழி தோன்றாமற்போனது வூ நாட்டின் தீவினை.

இல்லந்தோறும் ஓர் அரியணை

இவ்வரலாறுகள் அரசர்க்கு மட்டும் உரியவை அல்ல. ஒவ்வோர் இல்லத்திலும் ஓர் அரியணை உண்டு. அது பாகப் பிரிவினையில் ஒரு கூடமாக இருக்கலாம். கிணற்றில் ஒரு பங்காக இருக்கலாம். குடும்பத்தில் மூத்தவன் என்ற முதல் மரியாதையாகவும் இருக்கலாம். அதனை விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டே வாழ்நாள் முழுவதும் தம்பியை நன்றிக்கடனில் நிறுத்துகிறவன், விட்டதை வட்டியோடு திரும்பப் பெறுகிறவன் ஆவான். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து போய், முதிய பெற்றோரின் பொறுப்பையும் உடன் உதறுகிறவன் துறந்தவன் அல்லன், தப்பியவன். விட வேண்டியது பிடியை, விடலாகாதது பணியை. விட்டபின் அவ்விடத்தில் பூசல் முளைக்காதபடி பார்த்துக் கொள்வதும் விடுவதன் ஒரு பகுதியே.

வூசி நகரை அடுத்த மெய்சுன் என்னும் ஊரில் தைபோவுக்கு ஒரு கோயில் இருக்கிறது. அவன் கல்லறை என்று போற்றப்படும் இடமும் அருகிலேயே உள்ளது. சீனப் புத்தாண்டின் முதல் மாதம் 9ஆம் நாள் அங்கே திருவிழா. சுற்றுப்புற ஊர்களிலிருந்து மக்கள் திரண்டு வந்து தூபம் ஏற்றுகின்றனர். கோயிலின் பெருமண்டபத்துக்கு, கன்பூசியஸ் அவனைப் போற்றிய அடைமொழியையே, உச்ச அறம் என்ற பொருளில், பெயராகச் சூட்டியிருக்கின்றனர். புகழ்வதற்கு இடம் வைக்காமல் சென்றவனுக்கு, மக்கள் தாங்களே இடம் கண்டுபிடித்துவிட்டனர். அவன் அமர மறுத்த அரியணை இருந்த நாடும் அதனை ஆண்ட வம்சமும் என்றோ மறைந்தன. அவன் எழுந்து சென்ற செயல் இன்னும் மறையவில்லை.